அறிவிப்பாளரின் இரண்டு நிமிடம்

புதுச் செருப்போடு மேடை ஏறியது என் பிழைதான். மாத்தளைக் கடையில் என் அளவு இருக்கவில்லை. ஒரு அளவு பெரியதை எடுத்து மாட்டிவிட்டு, "போடப் போடச் சரியாயிடுங்க சேர்" என்றார் கடைக்காரர். போடப் போடச் செருப்பு பெருக்குமே ஒழியச் சிறுக்காது என்று யோசிக்கும் புத்தி எனக்கு முப்பத்தொன்பது வயதாகியும் வந்திருக்கவில்லை.

அந்தச் செருப்பு, பின்னேரம் மூன்றரை மணிபோல, மேடைக்குக் குறுக்கே கிடந்த தடித்த கரண்ட் வயரில் மாட்டியது. வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. உக்குவளை மைதானமே ஒரு நொடியில் ஊமையானது. கிட்டாரை அடித்துக்கொண்டிருந்த சஜீவன் ஓங்கிய கையோடு நின்றான். ட்ரம்ஸ்காரர் மட்டும் விஷயம் விளங்காமல் இன்னும் நாலு அடி அடித்துவிட்டு நிறுத்தினார். நான் வயரைக் கட்டிப் பிடித்தபடி குப்புறக் கிடந்தேன். ஆயிரத்தைந்நூறு பேர் சிரித்தார்கள். பதினைந்து வருடமாக மைக் பிடிக்கிறேன்; அவ்வளவு பெரிய சிரிப்பை நான் வாயால் வாங்கியதில்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்வதென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கொஞ்சக் காலம் எல்லாப் பழியையும் அந்தச் செருப்பின் மேலே போட்டு வைத்திருந்தேன். அது இன்னும் வீட்டில் கிடக்கிறது.

என் பெயர் கணபதி. பிரதேச செயலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் வேலை. பிறந்தவர்களுடைய பிரதியும் இறந்தவர்களுடைய பிரதியும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். சனி ஞாயிறில் அறிவிப்பாளர். கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, கல்யாணம், கடை திறப்பு, எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். மூன்று மொழியிலும் பகிடி விட்டு இன்னும் அடி வாங்காத ஒரே ஆள் இந்த மாவட்டத்தில் நான்தான் என்று நினைக்கிறேன்.

அது 2023 ஜனவரி, பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை. எங்கள் ஊரில் ரொக் இசை நிகழ்ச்சி நடந்தது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும் அதுவே. சஜீவன் இந்த ஊர்ப் பிள்ளை, மகேந்திரராஜா மாஸ்டரின் மகன். கொழும்புக்குப் போய் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு தமிழில் ரொக் பாடி, தொலைக்காட்சியில் எல்லாம் வந்து, சொந்த ஊரில் ஒரு தடவை பாட வேண்டும் என்று வந்திருந்தான். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி பின்னேரம் ஆறரை வரைக்கும்தான். அதனால் மூன்று மணி வெயிலில் தொடங்கினார்கள்.

சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். ஸ்பீக்கர்களை இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். காதால் கேட்பதற்கு முன்னே வயிற்றால் கேட்டோம். கண்டி ரயில் ஹோர்ன் அடித்துக்கொண்டு பக்கத்தால் போனது ஒருவருக்கும் தெரியாது. ஸ்டேஷனில் இறங்கி வந்தவர்களைப் பார்த்துத்தான் ரயில் வந்துவிட்டது என்று அறிந்தோம். பக்கத்தில் நின்றவரோடு கதைக்க வேண்டுமென்றால் கையால்தான் கதைக்க வேண்டும்.

அது மின்வெட்டுக் காலம். அதனால் யட்டவத்தையிலிருந்து ஒரு லொறியில் ஜெனரேட்டர் கொண்டு வந்தார்கள். வயர் நீளம் போதவில்லை. மைதானத்து மதிலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு ஒழுங்கை இருக்கிறது, உள்ளே எட்டு வீடு. அந்த ஒழுங்கையின் வாயில்தான் லொறியை நிறுத்தினார்கள். ஆள் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகலாம், ஓட்டோ போகாது. எட்டு வீட்டாரிடமும் முன்கூட்டியே கேட்டார்கள். "மூணு மணித்தியாலந்தானே, புள்ளைங்க பாடட்டும்" என்று முதலில் சம்மதித்தவர் மகேந்திரராஜா மாஸ்டர். அவருடையது கடைசி வீடு. எனக்கும் ஆறாம் வகுப்பில் தமிழ் படிப்பித்தவர். இதய வருத்தம் இருந்ததால் கூட்டத்துக்குள் வரவில்லை. இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் கதிரை போட்டு இருந்தாராம். பஞ்சு வைத்தும் நன்றாகக் கேட்டிருக்கும்.

நான் வயரோடு விழுந்ததில் சஜீவனுடைய ஒரு அம்ப்ளிஃபையர் புகைந்துபோனது. விளையாட்டுக் கழகத் தலைவர் ஜமால்தீன் மேடைக்கு ஏறி வந்தார். ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், எதையும் எடை போட்டுத்தான் பேசுவார்.

"கணபதி, ஒன்ட வாய்க்குத்தான் ஒன்னக் கூப்பிட்டது. காலுக்கில்ல."

"மன்னிச்சுக்கங்க தலைவர். கால் தனியா வரமாட்டேன்னிருச்சு."

அவர் சிரிக்கவில்லை. ஜெனரேட்டர்காரரைக் கூப்பிட்டு என் முன்னாலேயே சிங்களத்தில் கண்டிப்பாகச் சொன்னார். பாட்டு நடுவில் நின்றால் மெஷின்கள் எரியும். எந்த இடத்தில் பாட்டு முடியும் என்று கணபதிக்குத் தெரியும். ஆகவே கணபதி மைக்கில் சொன்னால் மட்டும்தான் ஜெனரேட்டரை நிறுத்த வேண்டும். வேறு யார் வந்து கேட்டாலும் கை வைக்கக் கூடாது, தானே வந்து கேட்டாலும் கூட. பிறகு என் பக்கம் திரும்பி, "இனி நிப்பாட்டுற பொறுப்பு ஒனக்கு. விளங்குதா" என்றார். விளங்கியது. விழுந்து எழும்பினவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது எங்கள் அரசாங்கக் கந்தோரிலேயே நடக்காத விஷயம் என்று மைக்கில் சொன்னேன். சனம் மறுபடி சிரித்தது.

இனித் துண்டுச் சீட்டு விஷயம். எங்கள் பக்கம் எந்த மேடை நிகழ்ச்சி என்றாலும் சனம் அறிவிப்பாளருக்குத் துண்டு எழுதி அனுப்பும். சிகரெட் பெட்டி அட்டை, பஸ் டிக்கட், பாண் சுற்றிய பேப்பர், எதிலாவது எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். இந்தப் பாட்டு இன்னாருக்கு, காணாமற் போன குடை, வழியை மறித்து நிற்கும் வான். ரொக் நிகழ்ச்சிக்குத் துண்டு எல்லாம் தேவையில்லை என்று சஜீவன் சொன்னான். துண்டு வாசிக்காவிட்டால் உக்குவளைச் சனம் நிகழ்ச்சி நடந்ததாகவே ஏற்றுக்கொள்ளாது என்று நான்தான் விளங்கப்படுத்தினேன். நானாகவும் சில துண்டுகளை இட்டுக்கட்டி வாசிப்பேன். "வெள்ளச் சட்ட போட்ட அண்ணே, ஒங்க வீட்டுக்காரம்மா மைதானத்து வாசல்ல நிக்கிறாங்க" என்பேன். முந்நூறு வெள்ளைச் சட்டை ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்கும். சனமும் சும்மா இருக்காது. அன்றைக்கே என் வீடு எரிகிறது என்று இரண்டு துண்டு வந்தது.

நாலு இருபதுக்கு யாகூப் நானா வந்தார். மாஸ்டருக்குப் பக்கத்து வீடு, ஓட்டோ ஓட்டுகிறார். மேடைப் படியில் ஏறி நின்று வாயை அசைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. மூன்று தடவை அசைத்தார். பிறகு ஒரு துண்டை என் கையில் திணித்துவிட்டு ஒழுங்கைப் பக்கம் கையைக் காட்டினார். வாசித்தேன். லொறியை எடுக்கச் சொல்லி எழுதியிருந்தது. பாட்டு நடந்துகொண்டிருந்தது. நான் அவரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினேன். இரண்டு நிமிடம் என்று அர்த்தம். அவர் தலையை ஆட்டிவிட்டு ஓடினார்.

அந்த நேரத்து வீடியோ இன்னும் பேஸ்புக்கில் கிடக்கிறது. மூலையில் நான் நிற்பது தெரிகிறது, இரண்டு விரலும் தெரிகிறது. நான் உற்சாகத்தில் கை காட்டுவதாக நினைத்து ஒருவர் கீழே "கணபதி அண்ணே மாஸ்" என்று எழுதியிருக்கிறார். நாற்பத்திரண்டு பேருக்கு அது பிடித்திருக்கிறது. நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்ல முடிவதும் அந்த வீடியோவால்தான்.

நாலு நாற்பத்து மூன்றுக்கு ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னேன். லொறியை எடுக்க ஐந்து நிமிடம் போனது. மாஸ்டரை ஓட்டோவில் ஏற்றினார்கள். சஜீவன் மேடையிலிருந்து குதித்து ஓடி, தகப்பனின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். மாத்தளை ஆஸ்பத்திரி வாசலுக்குள் ஓட்டோ திரும்பும்போது உயிர் போய்விட்டது.

இருபத்து மூன்று நிமிடம். கேட்பவர்களுக்கு நான் சொல்லிவந்த விளக்கம் இது: துண்டை நான் பகிடி என்று நினைத்துவிட்டேன். அன்றைக்கு வந்த பகிடித் துண்டுகளை நினைத்துப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஜமால்தீன் என் தோளில் கை வைத்து, "நானும் அப்படித்தான் நெனச்சிருப்பன்" என்றார். நல்ல மனிதர்.

ஆனால் யாகூப் நானா பகிடி விடுகிற ஆள் இல்லை. அவருக்குத் தமிழ் எழுத வராது, சிங்களத்தில் படித்தவர். துண்டை எழுதியது மாஸ்டர். கிறுக்கலாக இருந்தாலும் வலது பக்க மூலையில் திகதி போட்டிருந்தார். திகதி போடாத எழுத்துக்கு மாஸ்டர் வகுப்பில் புள்ளி தரமாட்டார். அது இப்போதும் என்னிடம் இருக்கிறது.

*21.01.2023. கணபதி, நெஞ்சு நோகிறது. இடது கை மரத்துவிட்டது. லொறியை எடுக்கச் சொல்லவும். இந்தப் பாட்டு முடிந்தபின் சொன்னால் போதும்.*

பார்த்தீர்களா, பாட்டு முடிந்தபின் போதும் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆகவே அந்த முதல் பாட்டின் மிச்சம், மூன்று நிமிடம், அதை என் கணக்கில் சேர்க்கக் கூடாது. மாஸ்டரே தந்த தவணை அது.

மற்ற இருபது நிமிடத்தைச் சொல்கிறேன்.

அடுத்த பாட்டு என்னுடையது. சஜீவனுக்கு நான் ஒரு பாட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். கந்தோரில், பழைய விண்ணப்பப் படிவங்களின் முதுகில், ஐந்து மாதமாக எழுதினேன். உக்குவளையில் நிற்காமல் போகிற ஒரு ரயிலையும், அதற்குக் கை காட்டிக்கொண்டே வயதாகிப் போகிற ஒருத்தனையும் பற்றியது. சஜீவன் தொலைபேசியில், "அண்ணே, ஒங்க பேரச் சொல்லித்தான் பாடுவேன்" என்று சொல்லியிருந்தான். அந்தப் புதுச் செருப்பு வாங்கியது அதற்காகத்தான்.

நீங்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். நான் இந்த மாவட்டத்தில் எத்தனை பேருடைய பெயரை மைக்கில் சொல்லியிருப்பேன். மாப்பிள்ளை, பொம்பளை, உபயகாரர், பரிசு பெற்றவர், மாலை போட வந்தவர். கந்தோரில் செத்தவர்களுடைய பெயரைக்கூட எழுத்துப் பிழையில்லாமல் எழுதுகிறேன். என் பெயரை மைக்கில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அறிவிப்பாளரை அறிவிக்க ஆள் இல்லை.

முதல் பாட்டு முடிந்தது. மைதானம் அமைதியாக இருந்தது. கையில் மைக். நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சஜீவன் எனக்கு முன்னே பேசத் தொடங்கிவிட்டான். என் பெயர் வரப்போகிறது என்று துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.

"இந்தப் பாட்டு எங்க அப்பாவுக்கு" என்றான். "தமிழ் எனக்கு அவர் சொல்லித் தந்தது. இந்தப் பாட்டுல உள்ள ஒவ்வொரு சொல்லும் அவர் தந்தது. அப்பா, கேட்டுக்கிட்டு இருப்பீங்கன்னு தெரியும்."

சனம் கத்தியது. பாட்டு தொடங்கிவிட்டது.

ஆறு நிமிடப் பாட்டு. நான் மேடை ஓரத்தில் நின்று கேட்டேன். என் சொற்களை ஆயிரத்தைந்நூறு பேர் குதித்துக் குதித்துக் கத்தினார்கள். பைக்குள் மாஸ்டருடைய துண்டு இருந்தது. அப்போது என் மனதில் ஓடியதைச் சொன்னால்தான் இது வாக்குமூலம். கோபம் என்று சொல்ல முடியாது. மிகவும் மரியாதையாகத்தான் நினைத்தேன். ஒங்க பேரு வந்துட்டுது மாஸ்டர், என் பேரும் வரட்டும், அதுவரைக்கும் கொஞ்சம் இருங்க. அவ்வளவுதான். அவர் முன்னால் நின்றிருந்தால்கூட அதே குரலில்தான் சொல்லியிருப்பேன்.

பாட்டு முடிந்தது. சஜீவன் தண்ணீர் குடித்தான். என் பெயரைச் சொல்லவில்லை. மைதானம் மறுபடி என்னிடம் வந்தது. அடுத்து நான் பேச வேண்டும் என்று எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். ஜெனரேட்டர்காரர் லொறிக்கு மேலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாகூப் நானா அவரிடம் ஏற்கெனவே போய்க் கெஞ்சியிருக்க வேண்டும். கை ஒன்றை ஜெனரேட்டர் சுவிச்சில் வைத்துக்கொண்டு, என் வாயைப் பார்த்தபடி காத்திருந்தார். நிறுத்துங்கள் என்று ஒரு சொல் போதும். சிங்களத்தில் சொன்னால் அதைவிடக் குறைவு.

நான் மைக்கை வாயருகே கொண்டுபோய், "உக்குவளை, இன்னொரு தடவை கேட்போமா" என்றேன்.

சனம் இன்னொரு தடவை என்று கத்தியது. அதைச் சனம் கேட்டதாகத்தான் பிறகு எல்லோரும் சொன்னார்கள். வீடியோவைப் பாருங்கள். முதலில் கேட்டது நான்.

இரண்டாம் தடவை அவர்கள் பாட்டை நீட்டிப் பாடினார்கள். நடுவில் கிட்டார் மட்டும் ஐந்து நிமிடம். கிட்டார்ச் சத்தத்துக்கு மேலே, கடைசியில், சஜீவன் என்னை இழுத்து நடு மேடைக்குக் கொண்டுபோய்க் கையைத் தூக்கிப் பிடித்து, "எழுதினது நம்ம கணபதி அண்ணே" என்று அலறினான். என் பெயர் அந்த ஸ்பீக்கர் அத்தனையிலும் வந்து, மதிலில் பட்டு, ரயில் பாதைப் பக்கமாகத் திரும்பி வந்து மறுபடி கேட்டது. சனம் என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தியது. நான் குனிந்து கும்பிட்டேன். மூன்று பக்கமும் கும்பிட்டேன். ஒழுங்கைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டபோதுதான் ஜெனரேட்டர்காரர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

உடனே நிறுத்தச் சொன்னேன். அந்த நொடிக்குப் பிறகு நான் ஒரு விநாடியும் வீணாக்கவில்லை. லொறியைத் தள்ள முதலில் தோள் கொடுத்தவன் நான்.

பிறகு நடந்ததிலும் என்னைக் குறை சொல்ல ஒருவருக்கும் இடமில்லை. மரண வீட்டில் மூன்று நாளும் நின்றேன். பந்தலுக்குச் சொன்னது நான், இறுதிக் கிரியைகளை ஒலிபெருக்கியில் அறிவித்தது நான். இறப்புப் பதிவின் பிரதியை வேறு யாரையும் எழுத விடாமல் நானே எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் மாரடைப்பு என்று இருந்தது. அப்படியே பிரதி பண்ணினேன். அந்தக் கட்டம் மிகவும் சின்னது, வேறு எதற்கும் இடம் இல்லை. நேசம்மா மாமிக்கு, மாஸ்டரின் மனைவிக்கு, விதவைக்குரிய ஓய்வூதியப் பத்திரங்களை அலைந்து திரிந்து சரிப்படுத்திக் கொடுத்தேன். கிழமைக்கு ஒரு தடவை மரக்கறி வாங்கிக்கொண்டு போவேன். பகிடி விட்டு அவரைச் சிரிக்க வைப்பேன். "நீ இல்லாட்டி இந்த வீடு இருண்டு போயிருக்கும்டா" என்பார். உண்மைதான். நான் அப்படி ஒரு நல்ல மகனாக இருந்தேன்.

ஒரு ஆறுதலும் எனக்கு இருந்தது. தன் மகன் ஊருக்கு முன்னால் தன்னைப் பற்றிச் சொன்னதை மாஸ்டர் கேட்டுவிட்டுத்தான் போனார். நான் உடனே நிறுத்தியிருந்தால் அதை அவர் கேட்டிருக்க மாட்டார். எத்தனை தகப்பனுக்கு அது கிடைக்கும். இதை நான் நேசம்மா மாமியிடமே ஒரு தடவை சொன்னேன். அவர் அழுதுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

ஒரு கேள்வி மட்டும் எனக்கு அடைபடாமல் இருந்தது. லொறி ஒழுங்கையை மறித்தது ஓட்டோவைத்தான், ஆளை இல்லை. ஒரு கதிரையில் மாஸ்டரை உட்கார வைத்து நாலு பேர் தூக்கினால், லொறியை உரசிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கண்டி றோட்டுக்கு வந்திருக்கலாம். றோட்டில் எத்தனையோ வாகனம். ஏன் தூக்கவில்லை. என்னுடைய இரண்டு விரலை நம்பினார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். "இன்னும் இரண்டே நிமிடத்தில் நிகழ்ச்சி ஆரம்பமாகும்" என்று நான் மைக்கில் சொன்னால் சனம் எழும்பிப்போய் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வரும். அறிவிப்பாளருடைய இரண்டு நிமிடம் என்றால் குறைந்தது அரை மணித்தியாலம் என்று இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை நம்பி நெஞ்சு நோகிற ஒருவரை வைத்துக்கொண்டு யாராவது இருப்பார்களா.

அப்படியென்றால் பிழை ஒழுங்கைக்குள் நடந்திருக்கிறது. இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மூன்று வருடமாக அதில்தான் தூங்கினேன்.

டொக்டரிடம் கேட்டேன், அரை மணி முந்திக் கொண்டு வந்திருந்தால் எப்படி என்று. "அதெல்லாம் சொல்ல ஏலாது" என்றார். நேசம்மா மாமியிடம் ஏன் தூக்கவில்லை என்று கேட்டேன். "எனக்கு அந்த நேரம் ஒண்ணும் ஞாபகமில்லடா" என்றார். யாகூப் நானாவிடம் ஒவ்வொரு திவசத்துக்கும் கேட்டேன். "அல்லாட நாட்டம் தம்பி" என்பார், ஓட்டோவைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். அந்தத் துடைப்பில் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. குற்றம் உள்ளவர்தான் முகத்தைத் திருப்புவார் என்று நினைத்தேன்.

போன மாதம் சஜீவன் கொழும்பிலிருந்து பேசினான். அன்றைக்குப் பிறகு அவன் இந்த ஊரில் பாடவில்லை. அப்பா பெயரில், அதே மைதானத்தில், ஒரு நிகழ்ச்சி வைக்கப் போகிறானாம். "மைக் நீங்கதான் புடிக்கணும் அண்ணே. வேற யாருக்கும் அப்பாவைப் பத்திப் பேச உரிம இல்ல" என்றான். சரி என்றேன். பிறகு இரண்டு கிழமையாக அந்த வீடியோவையே போட்டுப் போட்டுப் பார்த்தேன். அந்த மைக்கைக் கையில் எடுக்கும் முன், பிழை என்னுடையது மட்டும் இல்லை என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

நேற்றுக் காலை யாகூப் நானாவின் ஓட்டோவில் மாத்தளைக்குப் போனேன், நிகழ்ச்சிக்குப் பந்தல் சொல்ல. பாதி வழியில் கேட்டேன்.

"நானா, இன்னிக்கு அல்லாஹ்வ விடுங்க. நீங்க சொல்லுங்க. ஏன் தூக்கல?"

"வேற கத இல்லியா ஒனக்கு."

"ஒரு கதிர போதும். நாலு பேரு. ஒங்க ஒழுங்கையில அன்னிக்கு நாலு ஆம்பள இல்லியா? ரெண்டு விரலக் காட்டினா, அத நம்பிக்கிட்டு வாயப் பாத்துக்கிட்டு நின்னீங்களா? நான் யாரு, டொக்டரா? நான் ஒரு கோமாளி, நானா. ஊருக்கே தெரியும் கோமாளின்னு."

அவர் ஓட்டோவை றோட்டு ஓரமாக ஒதுக்கினார். எஞ்சினை நிறுத்தினார். திரும்பவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு இதச் செல்லக் கூடாதுண்டுதான் மூணு வருஷம் இருந்தன்" என்றார். "நேசம்மா அக்காவும் செல்ல வேணாம், அவன் தாங்க மாட்டான்ண்டு சென்னாங்க."

"சொல்லுங்க."

"தூக்கினம் தம்பி. கதிரையோடத்தான் தூக்கினம், நாலு பேரு. ஊட்டு வாசலத் தாண்டி ஒழுங்கைல பாதி தூரம் கொண்டு வந்துட்டம். அப்பதான் நான் செல்லிட்டன், கணபதி ரெண்டு நிமிஷம்ண்டு காட்டினான்ண்டு. மாஸ்டர் கைய ஒசத்தி எறக்கச் சென்னார். நாங்க மாட்டம்ண்டு நின்னம். அவர் ஏசினார். 'அவன் ஊருக்குப் பகிடி விடுவான், எனக்குப் பொய் செல்ல மாட்டான். நான் படிப்பிச்ச புள்ள. ரெண்டு நிமிஷம்ண்டா ரெண்டு நிமிஷந்தான், எறக்குங்கடா'ண்டார். எறக்கி வெச்சம்."